ஜக்கூர் ஏரி விளிம்பில்

பெங்களூரில் ஆறு இல்லை என்பது நம்மவர் பலர் கூறும் குறை. காவிரிக் கரையிலிருந்தும் பாலாற்றங்கரையிலிருந்தும் பிழைப்பை நாடி வந்தவர்களுக்கு, ஆறில்லாத ஊர் அரைகுறை ஊராகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அக்குறை பாதிதான் உண்மை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகின்மேல் அமைந்த நகரம் இது. மேட்டின் முதுகில் ஆறு ஓடாது. பெய்த மழை இருபுறமும் சரிந்து இறங்கும். மேற்கே இறங்கும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, கனகபுரத்துக்கு அப்பால் சங்கமம் என்னுமிடத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்கே இறங்கும் நீர் ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கலம்–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகிய இரண்டின் வழியே தட்சிண பினாகினியைச் சேர்கிறது. தட்சிண பினாகினி என்ற பெயரைக் கேட்டு அயலூர் ஆறு என்று எண்ணிவிடலாகாது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு ஒசூர்ப் பக்கம் வந்ததும் தென்பெண்ணை ஆகிவிடுகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடல் காண்கிறது. ஆகவே நம் வீட்டு வாசலில் பெய்யும் மழை எந்தப் பக்கம் சரிந்தாலும், அதன் வழி ஒன்று பூம்புகாருக்கு, அன்றேல் கடலூருக்கு. நாம் தமிழ்நாட்டை விட்டு வந்தோம்; நம் வாசல் தண்ணீர் நாள்தோறும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஆறில்லாத குறையை இவ்வூர் முன்னோர் ஏரிகளால் தீர்த்தனர். பள்ளத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். மேல் ஏரி நிரம்பினால் அதன் கோடி வழியாக நீர் வழிந்து, ராஜகாலுவெ என்னும் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றையொன்று பற்றிய ஏரிகள் அவை. மதகைத் திறந்து மூடவும், முறை வைத்து வயலுக்கு நீர் விடவும் நீரகண்டி என்னும் ஊர் ஊழியர் இருந்தார். நம் பக்கத்து ஊர்களில் நீர்க்கட்டி என்று அழைக்கப்பட்டவரை நம் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். இருவரும் செய்த தொழில் ஒன்றே. மடிவாளத்திலுள்ள சோமேசுவரர் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1247 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மற்றொன்று வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. கெம்பே கௌடர் நகரம் அமைப்பதற்கு முன்பே இங்கு ஏரி இருந்தது, ஏரியின் கீழ் விளைநிலம் இருந்தது, அதைத் தமிழில் எழுதி வைப்பாரும் இருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தாரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. அவர்தம் வீட்டுப் பேச்சில் தமிழ் இன்னும் கலந்து ஒலிக்கிறது. பெங்களூருக்குக் கீரையும் காய்கறியும் விளைவித்துத் தந்தவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் அவர்கள் எடுக்கும் கரகத் திருவிழாவுக்குச் சம்பங்கி ஏரி இன்றியமையாதது. அந்த ஏரியின் படுகையில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. சடங்கிற்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியுள்ளது. நகர இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நான் நாள்தோறும் கடக்கும் மெஜஸ்டிக் பேருந்து நிலையம், தர்மாம்புதி என்ற ஏரி இருந்த இடம். பெருமழை பெய்யும் நாட்களில் அங்கே முழங்கால் நீரில் நின்று பேருந்துக்குக் காத்திருப்போர் மாநகராட்சியை வைகிறார்கள். நீர் தன் பழைய வீட்டை மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஏரிகள் ஏன் கைவிடப்பட்டன என்பதற்குக் காரணம் எளியது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1974 இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேடேற்றிக் கொண்டுவரப்பட்டது. குழாய் திறந்த வீட்டில் ஏரியைப் பற்றிக் கவலைப்படுவார் யார்? வயல்கள் மனைகளாயின, நீரகண்டிக்கு வேலை இல்லாது போயிற்று, மழைநீர் ஓடிய கால்வாயில் சாக்கடை ஓடலாயிற்று.

இவ்வளவும் நூல்களிலும் பெரியவர் வாயிலும் கேட்டறிந்தவை. கண்ணால் கண்டதை இனிச் சொல்கிறேன். சென்ற தை மாதத்து வார ஓய்வு நாளொன்றில், எலகங்கா சந்திப்பில் இறங்கி, நகரப் பேருந்து ஏறி ஜக்கூருக்குச் சென்றேன். விமானப் பயிற்சிக் களம் இருப்பதனால் அவ்வூரைப் பலர் அறிவர். ஏரியை அறிந்தவர் அத்துணைப் பேர் இல்லை. ஏறத்தாழ 160 ஏக்கர்ப் பரப்புள்ள ஏரி. ஹெப்பாள் பள்ளத்தாக்கின் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. அதன் மிகைநீர் இராசேனஹள்ளி ஏரிக்கு இறங்குகிறது.

ஜக்கூரின் சிறப்பு அதன் வடகோடியில் உள்ளது. அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் என்ற அளவில் அமைக்கப்பட்டது அது. நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை. சம்பும் கோரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த சதுப்பு ஒன்றை இடையில் அமைத்திருக்கிறார்கள். நீர் அதனுள் மெல்ல ஊர்ந்து செல்கிறது. நிலையத்தில் எத்துணைச் சுத்தம் செய்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் தங்கியிருக்கும். அவை பயிருக்கு உரம், ஏரிக்கோ நஞ்சு. பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உண்டு மீனைக் கொல்லும். சதுப்பிலுள்ள செடிகள் அவ்வுரத்தைத் தாம் உண்டு விடுகின்றன. வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்களும் தம் பங்கைச் செய்கின்றன. எஞ்சிய வண்டல் அடியில் படிகிறது. இந்திய அறிவியல் கழகத்தார் இவ்வமைப்பை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். ஒன்று மட்டும் நினைவில் இருத்தல் வேண்டும். செடிகளை அவ்வப்போது அறுத்து வெளியேற்றாவிட்டால் அவை அங்கேயே அழுகி, உண்ட உரத்தை மீண்டும் நீரில் கக்கிவிடும். சதுப்பு என்பது கட்டிவிட்டு மறக்கும் பொருள் அன்று. பசு வளர்ப்பதைப் போல நாள்தோறும் கவனிப்பு வேண்டுவது.

காலை ஆறரை மணிக்குக் கரையில் நின்றபோது மூடுபனி முழுதும் விலகவில்லை. முதலில் கண்ணுக்குப் பட்டவை கூழைக்கடாக்கள். நீரின்மேல் பத்துப் பன்னிரண்டு சாம்பல் நிறத் தோணிகள் அசைவதைப் போல இருந்தன. தாடைப் பையோடு அலகை நீரில் ஆழ்த்தி, மீனும் நீருமாக அள்ளி, நீரை வடியவிட்டுப் பின் தலையை உயர்த்தி விழுங்கும் அழகை எத்துணை நேரம் வேண்டுமாயினும் பார்த்திருக்கலாம். பட்டுப்போன மரக்கிளை ஒன்றில் பாம்புத்தாரா இறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அதன் இறகு எளிதில் நீரில் நனையும் அமைப்புடையது. ஆதலால் மூழ்குவது எளிது, மூழ்கிய பின் வெயில் காய்தல் தேவை. ஆழமான பகுதியில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிருக்கு அஞ்சி வரும் நீலச்சிறகிகள் சில, தலையைத் தோளில் செருகி உறங்கின. எங்கிருந்தோ வந்து, யார் வாழ்த்தையும் எதிர்பாராமல், இருக்கும் இடத்தில் தூங்க முடிகிற பிறவிகள்! நமக்கு அது வாய்க்கச் சில ஆண்டுகள் ஆயின.

ஆனால் ஆழப் பகுதியில் காண்பதைக் காட்டிலும் விளிம்பில் காண்பதே மிகுதி. கணுக்கால் அளவு நீரும் சேறும் கலந்த இடத்தில் மஞ்சள்மூக்கு நாரை அலகை ஆழ்த்தித் துழாவிக்கொண்டிருந்தது. நத்தைகுத்தி நாரை தன் இடைவெளி விட்ட அலகால் நத்தையைப் பற்றியது. மடையான் தவமிருந்தது. நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக் குழந்தை கரும்பு தின்பதுபோல் கடித்தது. இலைக்கோழி நீண்ட விரல்களை ஊன்றி மிதக்கும் இலைகளின்மேல் நடந்தது. தண்ணீர்ப்பாம்பு ஒன்று தலையை மட்டும் நீட்டியவாறு கோரைக்குள் நுழைந்தது. விரால் முதலிய மீன்கள் முட்டையிடுவதும் அவற்றின் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் இவ்விளிம்பில்தான். ஏரியின் சமையலறை இஃது என்று சொன்னால் மிகையாகாது. மனிதர்க்கும் இங்கேதான் இலை போடப்பட்டிருந்தது.

அதைக் கூறுமுன் மீன்காரரைப் பற்றிச் சிறிது. ஏரியின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவது. குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, சாதாக் கெண்டை முதலியவற்றின் குஞ்சுகளை விட்டு வளர்த்துப் பிடிக்கிறார். மாலையில் வலையை விரித்து, விடியலில் பரிசலில் சென்று எடுக்கிறார்கள். கரையேறிய பரிசலைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றோம். பெரிய கட்லா இரண்டும் ரோகு சிலவும், கூடை நிறைய ஜிலேபிக் கெண்டையும் இருந்தன. ஜிலேபிக் கெண்டையை யாரும் விடுவதில்லை; அது தானே பெருகும். ஆப்பிரிக்காவில் பிறந்து 1952 இல் நம் நாட்டிற்கு வந்த மீன் அது. வந்த இடமெல்லாம் நாட்டு மீனை ஒதுக்கித் தான் நிலைத்துவிட்டது. அதனினும் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000 ஆம் ஆண்டிலேயே மைய அரசு அதை வளர்க்கத் தடை விதித்தது. எனினும் நம் ஏரிகளில் அது வலையில் படாத நாளில்லை என்கிறார்கள். "நாட்டு விராலு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தா பெரிசு சார். வந்தா விக்க மாட்டோம், வீட்டுக்குத்தான்," என்றார் பரிசல் ஓட்டியவர். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். கூழைக்கடா உங்கள் மீனைத் தின்கிறதே என்று கேட்டேன். "தின்னட்டும் சார். அது இறங்குற எடத்துலதான் மறுநாள் நாங்க வலை விரிப்போம்," என்று கூறிச் சிரித்தார்.

கரையின் ஓரமாகச் சிறிது தொலைவு நடந்ததும் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு ஈரச் சேற்றில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு குவியல். கரையில் ஒரு குவியல். நான் தமிழில் வினவியதும் நிமிர்ந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டட வேலைக்கு வந்தவர். முழங்கால் வலி கண்டபின் சித்தாள் வேலையை விட்டு, கீரை பறித்துக் கட்டாக்கி வீடுகளுக்கு விற்கிறார்.

"என்ன என்ன கீரை அம்மா இங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"எது இல்ல தம்பி? பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணி எல்லாம் ஈரத்துல. கொஞ்சம் மேட்டுல போனா மணத்தக்காளி, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை. பண்ணைக்கீரையை இவங்க அண்ணெ சொப்புங்கிறாங்க. நான் வந்த புதுசுல அது வேற கீரைன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டு அஜ்ஜி பறிச்சுக் காட்டினப்புறம்தான் நம்ம ஊரு கீரைன்னு தெரிஞ்சுது."

பொன்னாங்கண்ணிக்குக் கன்னடத்தில் ஹொனகொனெ, வல்லாரைக்கு ஒந்தெலக. பத்துப் பன்னிரண்டு வகைக் கீரைகளைக் கலந்து பறித்தால் அதற்கு பெரகெ சொப்பு என்று பெயர். நம் கலவைக்கீரைதான் அது. அதைத் துவரையோடோ தட்டைப்பயற்றோடோ வேகவைத்து, நீரை வடித்து, வடித்த நீரில் மிளகாயும் தேங்காயும் அரைத்துக் கூட்டிச் சாறு வைப்பர். கீரையைத் தனியே தாளிப்பர். பஸ்ஸாரு என்னும் அச்சாற்றில் ராகிக் களியைத் தோய்த்து உண்பது இந்நாட்டார் வழக்கம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நம்மவர் களிக்குக் கீரை கடைகிறார்கள். இரண்டு சமையலுக்கும் இடையே உள்ள வேறுபாடு மத்துக்கும் வடிதட்டுக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவே.

அந்த அம்மையார் எனக்குக் கற்பித்த ஒன்று நம் இல்லத்தரசிகளுக்குப் பயன்படும். பொன்னாங்கண்ணியைப் போலவே தோன்றும் செடி ஒன்று ஏரிகளில் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை அது. பார்த்தால் பொன்னாங்கண்ணியின் உடன்பிறப்பு. தாவரநூலார் கணக்கிலும் ஒரே இனத்தின் இரு வகைகள்தாம். நாட்டுப் பொன்னாங்கண்ணிக்கு வெண்பூ காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். களைச்செடிக்குப் பூ தனிக் காம்பில் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு பருத்து, ஒடித்தால் உள்ளே குழலாக இருக்கும். சிவந்த இலையுடன் சந்தையில் விற்கும் சீமைப் பொன்னாங்கண்ணி இவ்விரண்டினும் வேறானது. களைச்செடி சாக்கடை நீரில் செழித்து, அதிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால்தான் வேறுபாடு அறிதல் வேண்டும்.

இவ்வாறு ஏமாறுவோர் நாம் மட்டும் அல்லர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை மக்கள் பலர், தங்கள் நாட்டில் முக்குனுவென்ன என்று வழங்கும் பொன்னாங்கண்ணி என்றெண்ணி இக்களைச்செடியை வீட்டுக் கொல்லையில் பயிரிட்டு உண்டு வந்தனர். அந்நாட்டின் நீர்நிலைகளுக்குப் பெரும் பகையான செடி அது. 1990களில் அதிகாரிகள் அதைக் கண்டறிந்து, திடுக்கிட்டு, வீடு வீடாகச் சென்று அகற்றினர். தண்டிப்பதற்கு மாறாக, அந்நாட்டிலேயே இயல்பாக விளையும் வேறொரு பொன்னாங்கண்ணி வகையைத் தேடிக் கொடுத்து, இதை உண்ணுங்கள் என்றனர். கடல் கடந்து போனவன் முதலில் தேடுவது தன் ஊர்க் கீரையை என்பதை உணர்ந்த அதிகாரிகள் அவர்கள். மனமாரப் பாராட்டுகிறேன்.

"இது நல்ல தண்ணிக் கீரை தம்பி. அந்தப் பக்கம் சாக்கடை வாய்க்கால்ல இருக்கிறதை மாட்டுக்குக்கூட அறுக்க மாட்டேன்," என்று அம்மையார் கூறியது வெறும் விற்பனைப் பேச்சு அன்று. பெள்ளந்தூர் ஏரி ஒன்றை நினைத்தால் போதும். ஏறத்தாழ 900 ஏக்கர்ப் பரப்புள்ளது. நகரத்து ஏரிகளுள் மிகப் பெரியது. சேலம் பாதையில் ஊருக்குச் செல்லும் நம்மவர்க்குப் பெள்ளந்தூர் ரோடு என்னும் நிலையத்தின் பெயர் பழக்கமானது. 2015 மே மாதத்தில் அவ்வேரியின் நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் எரிந்தது. தண்ணீர் எரிந்த செய்தியை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அதற்கு முன்பே, 2006 இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நீர் பாய்ந்த மண்ணிலும் பயிரிலும் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதைக் காட்டிற்று. அந்த நுரை இங்கேயே தங்கிவிடுவதில்லை. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையின்மேல் வெண்பஞ்சாக மிதந்ததை ஒசூர் உறவினர் நமக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கின்றனர். நம் வீட்டுத் துணி சோப்பு அதில் எத்துணை என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இப்போது ஏரிகளைச் செப்பனிடும் பணி பல இடங்களில் நடைபெறுகிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் பணி நடக்கும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தூர் வாருகிறேன் என்று கிண்ணம்போல் விளிம்பு வரை ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, கம்பி வேலி எழுப்பி, காலையிலும் மாலையிலும் குறித்த மணிக்கு மட்டும் கதவைத் திறக்கிறார்கள். நீர் நிறைய நிற்கிறது, பார்வைக்கு அழகாயிருக்கிறது. ஆனால் கணுக்கால் நீர் இல்லை. கணுக்கால் நீர் இல்லாத ஏரியில் நாரை எங்கே நிற்கும்? விரால் எங்கே முட்டையிடும்? பொன்னாங்கண்ணி எங்கே முளைக்கும்? விளிம்பை வெட்டியெறிந்துவிட்டு ஏரியைக் காப்பாற்றினோம் என்பது, அடுப்படியை இடித்துவிட்டு வீட்டைச் செப்பனிட்டோம் என்பதை ஒக்கும்.

நகரின் வேறொரு பகுதியில், பெயர் வேண்டா, அத்தகைய ஏரி ஒன்றில் நான் கண்டது இது. காலை ஒன்பது மணிக்குக் கதவை மூடும் நேரம். புல்லுக்கட்டைத் தலையில் வைத்த பெண் ஒருத்தியும் கீரை மடியோடு ஒரு மூதாட்டியும் வெளியே வந்தனர். காவலாளி மூதாட்டியின் மடியை அவிழ்க்கச் சொல்லி, கீரையைக் கீழே கொட்டுவித்தார். "இது பார்க்கு, பொலம் இல்ல," என்றார். அவரும் நம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவரே. மேலிடத்து ஆணையைச் செய்தார். நடைபயிலும் உடையில் இருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டிய கீரை ஒரு கட்டுத்தான் இருக்கும். மூதாட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் சேலையை உதறிக்கொண்டு போனார். அன்று இரவு வரை அக்காட்சி என்னை விட்டு நீங்கவில்லை.

வேலி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுவோர் யார்? ஏரிக்கரை அடுக்ககங்களில் வாழும் நாம்தாம். குப்பை கொட்டுவோரையும் மண் கொட்டி நிலம் பறிப்போரையும் தடுக்க வேலி வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் லாரியில் மண் கொண்டுவருபவனை நிறுத்துவதற்கு எழுப்பிய வேலி, மடியில் கீரை கொண்டுபோகிறவளையல்லவா நிறுத்துகிறது! அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்து அறிஞர் ஹரிணி நாகேந்திராவும் சீமா முண்டோலியும் பெங்களூர் ஏரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மீனவர், மேய்ப்பர், புல் அறுப்போர், கீரை பறிப்போர், சலவைத் தொழிலாளர் ஆகியோர் ஏரியை எவ்வாறு நம்பி வாழ்ந்தனர், எவ்வாறு வெளியே தள்ளப்பட்டனர் என்பதை எழுதியிருக்கின்றனர். மாறாக, சர்ஜாப்பூர்ச் சாலையிலுள்ள கைகொண்டனஹள்ளி ஏரியைக் குடிமக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டபோது, புல் அறுப்போர்க்கும் மீன் பிடிப்போர்க்கும் இடம் விட்டே திட்டமிட்டனர். ஆகாதது ஒன்றும் இல்லை.

நம் நாட்டிலேயே பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேடந்தாங்கலில் நாரைகளைச் சிப்பாய்கள் சுட்டுத் தின்றபோது, ஊரார் முறையிட்டு, 1798 இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் காவல் உரிமைச் சீட்டுப் பெற்றனர். அவ்வூர் உழவர் பறவையின்மேல் கொண்ட அன்பு வெறும் அன்பு அன்று. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்தம் நெல்லுக்கு உரம். மைசூர்ப் பாதையில் மத்தூருக்கு அருகேயுள்ள கொக்கரெபெள்ளூரிலும் அதே கதை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுப் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சத்தை வயலுக்கு எருவாக்குகிறார்கள். 2007 இல் அவ்வூர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏரியால் வயிறு நிறைந்தவன் ஏரியைக் காக்கிறான். வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு ஏரி எக்கேடு கெட்டால் என்ன?

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுள் ஏரிக்கரைக் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருப்போரிடம் இரண்டு வேண்டுகோள்கள். செப்பனிடும் திட்டம் வரும்போது ஒரு பக்கத்திலேனும் சரிவான ஆழமற்ற விளிம்பை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கீரையும் புல்லும் எடுக்கும் இடங்களின் நீரையும் மண்ணையும் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கச் செய்து, பறிக்கலாம், பறிக்கலாகாது என்று கன்னடத்தில் ஒரு பலகை வையுங்கள். கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவதற்கு இடம் இருக்கும். படிக்கத் தெரியாதவர்க்கு ஒரு படம் போதும். அதற்காகும் செலவு, கதவருகே வைக்கும் பிளாஸ்டிக் நாரைச் சிலையின் விலையைவிடக் குறைவு.

ஜக்கூருக்குச் செல்ல விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்களில் செல்வது நன்று. வலசைப் பறவைகள் அப்போதுதான் இருக்கும். விடியலில் வடகோடிச் சதுப்புப் பக்கம் நின்றால் நீலத் தாழைக்கோழியை அருகில் காணலாம். குழந்தைகளைக் கூச்சலிடாமல் இருக்கச் செய்தல் வேண்டும். மீன் வாங்குவோர் பையும் சில்லறையும் கொண்டு செல்க. கீரை அம்மையார் எட்டு மணிக்குள் கட்டுகளை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார், வியாழக்கிழமை வருவதில்லை.